ஓய்வுபெற்ற மின்சார ரயிலைத் தன்னார்வலர்கள் மீட்டெடுப்பது: இடம் தேடுவது முதல் மீண்டும் தடத்தில் ஓடுவது வரை

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய பழைய மின்சார ரயில்களைக் காக்கும் வேலையில் சனிக்கிழமைதோறும் ஈடுபட்டு வருகிறேன். புதிதாகச் சேருபவர்கள் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பத் தடுமாறுவதைப் பார்த்த பிறகு, எதை முதலில் செய்ய வேண்டும், எதை ஒத்திவைக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

நீராவி எஞ்சினைக் காத்த அனுபவம் இங்கே ஓரளவுதான் உதவும். நிலக்கரியும் தண்ணீரும் கிடைக்கும் எந்தத் தடத்திலும் நீராவி எஞ்சின் ஓடும். மின்சார ரயில் இரண்டு முதல் ஐந்து பெட்டிகள் சேர்ந்தால்தான் ஒரு வண்டி. அதற்கான மின்தடமோ, பழைய ரயில்களைச் சுற்றுலாவுக்காக ஓட்டும் பிரிட்டனின் பாரம்பரிய ரயில்பாதைகளில் அநேகமாக எங்கும் இல்லை. இருந்தும், நான் பார்த்தவரை இத்தகைய முயற்சிகள் மின்கோளாறால் நின்றுபோவது அரிது. நிறுத்தி வைக்க இடம் போனதாலும், மழை நீர் உள்ளே இறங்கியதாலும், பிரித்ததைத் திரும்பச் சேர்க்கத் தெரியாததாலும்தான் அவை நிற்கின்றன. கீழே உள்ள வரிசை அந்த மூன்றையும் மனத்தில் வைத்து அமைந்தது.

1. வண்டியைத் தேடும் முன் இடத்தைத் தேடுங்கள்

வண்டி கிடைத்துவிட்டால் இடம் தானாக அமையும் என்ற நம்பிக்கையே முதல் தவறு. இந்த வகைப் பெட்டி ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் நீளம். நான்கு பெட்டி வண்டிக்கு 80 மீட்டர் தடமும், பெட்டிகளைப் பிரித்து இடையில் நின்று வேலை செய்யக் கூடுதலாக 20 மீட்டரும் வேண்டும். கூரையுள்ள கொட்டகை கிடைத்தால் மீட்புக் காலம் பாதியாகக் குறையும் என்றே சொல்வேன்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது நான்கு கேள்விகளோடு போங்கள். நீண்ட டிரெய்லர் லாரி உள்ளே வந்து திரும்ப முடியுமா? கருவிகளுக்கு மின் இணைப்பு உண்டா? வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பள்ளம் இருக்கிறதா? இடத்தின் சொந்தக்காரர் எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்?

நான்காவது கேள்வியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கோவென்ட்ரி நகருக்கு அருகிலிருந்த மின்சார ரயில் அருங்காட்சியகம் 2017இல் மூடப்பட்டபோது, அங்கே நின்றிருந்த வண்டிகளுக்கெல்லாம் வேறு புகலிடம் தேட வேண்டியதாயிற்று. அருங்காட்சியகத்துக்கே அந்த நிலை என்றால், வாய்மொழி அனுமதியோடு யார்டு ஓரத்தில் நிற்கும் வண்டியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது பத்தாண்டு ஒப்பந்தமும், காலி செய்ய ஓராண்டு முன்னறிவிப்பும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வண்டி வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள்.

2. முழு வண்டியாக எடுங்கள், இயலாவிட்டால் மோட்டார் பெட்டியை விடாதீர்கள்

ஓட்டுநர் அறை உள்ள ஒரு பெட்டியை மட்டும் காப்பாற்றும் ஆசை பலருக்கு வருகிறது. படம் எடுக்க அது அழகாக இருக்கும். ஆனால் இழுவை மோட்டார்கள், மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர்கள், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டன்ஸ் சட்டங்கள் ஆகியவை மோட்டார் பெட்டியின் அடியில்தான் உள்ளன. அது இல்லாமல் மற்றப் பெட்டிகள் வெறும் இழுவைப் பெட்டிகளே.

பெட்டிகள் சிதறிப்போனால் மறுபடி சேர்ப்பது எவ்வளவு பாடு என்பதற்குப் லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே ஓடிய சொகுசு மின்சார ரயிலான பிரைட்டன் பெல்லே போதிய சான்று. 1932இல் கட்டப்பட்ட அதன் 15 பெட்டிகளும் 1972இல் ஓய்வு பெற்றபின் தனித்தனியாக விற்கப்பட்டன; அவற்றுள் பல உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் மாறின. பிற்காலத்தில் அவற்றை மீண்டும் ஒரே ரயிலாக்க முன்வந்த அறக்கட்டளை, ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வோர் இடத்திலிருந்து தேடி வாங்க வேண்டியிருந்தது.

நேரில் பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். கைச்சுத்தியலோடு போய்ப் பெட்டியின் நான்கு மூலைகளின் அடிப்பகுதி, கதவு நிலைகளின் கால், கழிப்பறைக்குக் கீழ், பேட்டரிப் பெட்டிக்குப் பின்புறம் ஆகிய இடங்களைத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மண்பானை போலச் செத்த ஒலி தரும். அடுத்து, பெட்டிகளை இணைக்கும் ஜம்பர் கேபிள்கள், மூன்றாம் தண்டவாளத்தில் உரசி மின்னெடுக்கும் ஷூ, ஷூவைத் தாங்கும் மரக்கட்டை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டி எடுக்க எளிதானவை என்பதால் முதலில் காணாமல் போகிறவை இவையே.

உதிரிபாகங்களில் ஓர் ஆறுதல் உண்டு. இந்த ரயில்களில் பெட்டியைவிட மோட்டாருக்கு ஆயுள் அதிகம். 1980களில் கட்டப்பட்ட 455 வகை ரயிலில் போட்டதும், பயணியர் கையால் திறந்து அறைந்து மூடும் கீல்கதவுகளைக் கொண்ட பழைய ‘கதவு ரயில்கள்’ பலவற்றில் இருந்த இங்கிலிஷ் எலெக்ட்ரிக் 507 மோட்டார்தான். 1988இல் வந்த 442 வகைக்கோ, ஓய்வு பெற்ற 4-ரெப் என்ற பழைய வகை ரயில்களின் மோட்டார்களைக் கழற்றிப் போட்டார்கள். ஆகவே உங்கள் வண்டியின் வயதை மட்டும் பார்க்காமல், அதே மோட்டாரைச் சுமந்த பிற்கால வண்டிகள் எப்போது உடைப்புக்குப் போகின்றன என்பதையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

3. உரிமை, அமைப்பு, பணம்

வண்டியை ஒரு தனிமனிதர் பெயரில் வாங்காதீர்கள். அவர் காலமானாலோ மனம் மாறினாலோ பத்தாண்டு உழைப்பு வாரிசுகள் கைக்குப் போய்விடும். பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றை முதலிலேயே அமையுங்கள். பிரிட்டனில் வருமான வரி செலுத்துபவர் தரும் நன்கொடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அறக்கட்டளை அரசிடமிருந்து கூடுதலாகப் பெறலாம். அமைப்பு இல்லாதவர்களுக்கு அந்தப் பணம் கிடைக்காது.

பணத்தை இரண்டு கணக்காகப் பிரியுங்கள். ஒன்று வேலைக்கு, மற்றொன்று வண்டியை அவசரமாக வேறிடம் கொண்டுபோக. இரண்டாவதில் கைவைக்கக் கூடாது என்று அமைப்பு விதியிலேயே எழுதிவிடுங்கள்.

4. ஆஸ்பெஸ்டாஸ் சோதனைக்கு முன் ஒரு திருகாணியையும் தொடாதீர்கள்

1950கள், 60களில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் பெட்டிகள் பலவற்றில் வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் இடையே வெப்பமும் ஓசையும் தடுக்க நீல ஆஸ்பெஸ்டாஸைத் தெளித்திருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் வகைகளில் மிகக் கொடியது அது. பல பெட்டிகளில் பணிக்காலத்திலேயே அகற்றப்பட்டது என்றாலும், அகற்றியதற்கான சான்றிதழ் கையில் இல்லாதவரை இருக்கிறது என்றே கொள்ளுங்கள். மின்பொறியை அடக்கும் பெட்டிகள், ரெசிஸ்டன்ஸ் சட்டங்களின் தடுப்புத் தகடுகள், இருக்கைக்கு அடியிலுள்ள ஹீட்டர்களின் பின்புறம் ஆகியவற்றையும் சந்தேகத்துடனேயே அணுகுங்கள். உள்பலகையைச் சோதித்துவிட்டு மின்கருவிகளை விட்டுவிடுவது வழக்கமான பிழை.

2012ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெளிப்பு ஆஸ்பெஸ்டாஸை அகற்றுவது உரிமம் பெற்றவர்களின் வேலை. தன்னார்வலர்கள் முகமூடி கட்டிக்கொண்டு செய்யக்கூடியதன்று. ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பொருளைக் கைமாற்றுவதற்கே சட்டக் கட்டுப்பாடுகள் இருப்பதால், வாங்கும் ஒப்பந்தத்துக்கு முன்பே அதைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் உழைத்த ஒரு கொட்டகையில், வேலை வெளிச்சத்துக்கு விளக்கு மாட்டுவதற்காக ஆர்வமுள்ள ஒருவர் உள்பலகையில் ஒரேயொரு துளை போட்டார். சோதனை அறிக்கை அப்போது இன்னும் வரவில்லை. துளையிலிருந்து சாம்பல் நிறப் பஞ்சு போன்ற தூள் உதிர்ந்தது. கொட்டகையையே மூடி, காற்றைச் சோதித்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருந்தோம். நல்லவேளையாக அது கண்ணாடி இழை என்று தெரிந்தது. ஆனாலும் ஆறு சனிக்கிழமைகள் போயின. அந்த மனிதர் அந்த ஆறு வாரமும் தூங்கியிருக்க மாட்டார்.

5. ஏற்றி இறக்குவது

இதில் தன்னார்வலர் வேலை குறைவு, பணம் அதிகம். மோட்டார் பெட்டி 40 டன்னையும் தாண்டும். மற்றப் பெட்டிகள் பெரும்பாலும் 30 முதல் 35 டன். வழித்தடத்தின் பாலங்களையும் திருப்பங்களையும் பார்த்துக் காவல்துறைக்கும் சாலைத்துறைக்கும் முன்னறிவிப்புக் கொடுப்பது போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் பங்கு ஒன்றுண்டு. பெட்டிகளைப் பிரிக்கும்போது ஜம்பர் கேபிளையும் காற்றுக் குழாயையும் வெட்டாமல் கழற்றி, முனைகளைப் பிளாஸ்டிக் உறையிட்டுக் கட்டுவதற்கு உங்கள் ஆட்களை முந்தின நாளே அனுப்புங்கள். கிரேன் வந்து நிற்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. எந்தப் பெட்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். திருப்பி இறக்கிவிட்டால் கேபிள்கள் இணையாமல் போகலாம், மறுபடி கிரேன்தான்.

6. முதல் குளிர்காலத்துக்குள் மழையை நிறுத்துங்கள்

கொட்டகை இல்லாத குழுவுக்கு இதுவே முதல் உடல்வேலை. இருக்கையும் பெயின்டும் காத்திருக்கலாம். கூரை ஒழுகினால் கீழுள்ள மரம், பலகை, கேபிள் எல்லாமே சேர்ந்து கெடும்.

தார்ப்பாய் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். தரைவரை இழுத்து இறுக்கிக் கட்டிய தார்ப்பாய், வெளியே பெய்யும் மழையைவிடக் கேடானது. பகல் வெயிலில் உள்ளே எழும் ஈரம் இரவில் குளிர்ந்து தகட்டின் உட்புறம் வியர்க்கிறது. அப்படிக் கட்டிய பெட்டி ஒன்றை ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது, ஜன்னல் கட்டைகளில் வெண்பூசணம் படர்ந்து, பித்தளைக் கைப்பிடிகள் பச்சை பிடித்து, இருக்கை மெத்தை ஈரத்துணியாகக் கனத்தது. மேற்கூரைக்கு ஒரு சாண் உயரத்தில் சட்டம் கட்டி அதன்மேல் தார்ப்பாயை விரித்து, இரு பக்கமும் காற்று புகும்படி விடுங்கள். கூரையின் காற்றுப்போக்கிகளை அடைக்காதீர்கள். கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள்; கதவு அடியில் அழுகுவதற்குப் பாதிக் காரணம் அந்தத் துளை அடைபடுவதே.

7. பிரிக்கும் முன் பதிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால், இதைப் படிக்கச் சொல்வேன்.

பிரிப்பது மகிழ்ச்சியான வேலை. ஒரே நாளில் ஓர் அறை காலியாகும், படமெடுத்து நன்கொடையாளர்களுக்குக் காட்டலாம். சேர்ப்பதோ பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் வேறு ஆட்களால் நடக்கிறது. பிரித்தவர் மனத்தில் இருந்தது அப்போது யாருக்கும் கிடைக்காது.

எங்கள் குழுவில் ஒருமுறை, ஓட்டுநர் அறைக்குப் பின்னாலிருந்த இணைப்புப் பெட்டியிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கழற்றினார்கள். ஒவ்வொரு கம்பியிலும் காகிதப் பசைநாடா சுற்றி, பேனாவால் எண் எழுதி வைத்தார்கள். அடுத்த ஏப்ரலில் திறந்தபோது பாதி நாடாக்கள் உதிர்ந்து தரையில் கிடந்தன, ஒட்டியிருந்தவற்றில் மை வெளுத்துவிட்டது. எல்லாக் கம்பிகளுக்கும் ஒரே கறுப்பு உறை. ஒருவர் இந்த முனையில் மின்தொடர்பு கிடைத்தால் ஒலிக்கும் மணி சோதிப்பானோடு உட்கார, இன்னொருவர் பெட்டியின் மறுமுனையில் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டு போக, மூன்று மாதச் சனிக்கிழமைகள் அதிலேயே கழிந்தன.

அதன்பின் நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. முதலில் ரயில்வேயின் மின்சுற்று வரைபடத்தைத் தேடி எடுக்க வேண்டும். அதில் உள்ள கம்பி எண்களையே பயன்படுத்த வேண்டும், நாமாக எண் வைக்கக் கூடாது. எண் பொறித்த வளையத்தைக் கம்பியில் கோத்து, இரும்புக் கம்பியால் கட்டிய உலோக வில்லை ஒன்றும் சேர்க்க வேண்டும். கழற்றும் முன் ஒன்று, பாதியில் ஒன்று, முடிந்தபின் ஒன்று என மூன்று படங்கள். மூன்றிலும் தேதியும் பெட்டி எண்ணும் எழுதிய அட்டை தெரிய வேண்டும்.

மரவேலைக்கும் இதே கவனம் வேண்டும். ஒரே அளவாகத் தெரியும் உள்பலகைகள் உண்மையில் அந்தந்த இடத்தில் வைத்து இழைத்துப் பொருத்தியவை. அடுத்த ஜன்னலுக்குக் கொண்டுபோனால் அரை அங்குலம் இடிக்கும். பலகையின் பின்புறம் ஜன்னல் எண்ணை உளியால் கீறுங்கள். திருகாணிகளை ஒரே வாளியில் கொட்டாமல், அந்தந்தப் பலகையின் பெயர் எழுதிய பைகளில் போடுங்கள்.

பழைய பணியாளர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வதையும் இந்தக் கட்டத்திலேயே தொடங்குங்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் கேம்ஷாஃப்ட் எந்தப் படியில் சிக்கும், அப்போது எங்கே தட்டினால் நகரும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடையாது. கதவு ரயில்கள் பெருந்தடத்திலிருந்து (நாட்டின் முதன்மை ரயில்பாதைகளிலிருந்து) 2005இல் விடைபெற்றன. அவற்றைப் பழுது பார்த்தவர்களில் இளையவர்களும் இன்று நடுத்தர வயதைக் கடந்தவர்கள்.

8. பெட்டியின் உடல்: கீழிருந்து மேலே

துருப்பிடித்த இடத்தில் மக்கு வைத்துப் பெயின்ட் அடிப்பது இரண்டு கோடைக்குத் தாங்கும். அதற்குப் பிறகு உள்ளிருந்து கொப்புளமாக எழும். அரித்த தகட்டைப் பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்வாக அரைத்துத் தூள் பறக்க விடாதீர்கள்.

அடிச்சட்டமே பெட்டியின் எடையைத் தாங்குவது என்பதால், முதலில் அதைச் சரிசெய்து, பிறகு கதவு நிலைகள், பிறகு பக்கத் தகடு, கடைசியில் கூரையின் முழுவேலை என்று போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால், அடிச்சட்டத்தை நிமிர்த்தும்போது கதவுகள் அடைபடாமல் போகும். வெல்டிங் செய்யும்போது தரை இணைப்புக் கவ்வியை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் வெல்டிங் மின்னோட்டம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

9. சக்கரங்களும் பிரேக்கும்

நம் ஊரில் போகி என்றால் முழுப் பெட்டியையே சொல்கிறோம். இங்கே போகி என்பது பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம். கையேடு படிக்கும்போது குழம்பாதீர்கள்.

ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் பெட்டியின் பேரிங்கில், உருளைகள் அழுந்திய இடங்களில் குழி விழுகிறது. மாதம் ஒருமுறையாவது பெட்டியைச் சில மீட்டர் நகர்த்தி, வேறு இடத்தில் எடை விழும்படி செய்யுங்கள். சக்கரத்துக்கு ஆப்பு வைக்காமல் கைப்பிரேக்கை விடுவிப்பதைக் கண்டால் யாராயிருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த ரயில்களின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. மீட்புக் குழுக்களை வரவேற்கும் பாரம்பரிய நீராவிப் பாதைகளிலோ பெரும்பாலும் வெற்றிடப் பிரேக்தான். இரண்டும் இணையாது. உங்கள் வண்டியைக் காற்றழுத்தப் பிரேக் உள்ள எஞ்சின் இல்லாத பாதைக்குக் கொண்டுபோனால், அது காட்சிப் பொருளாகவே நிற்கும். இதை முதல் படியில் இடம் தேடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பிரேக் சிலிண்டர்களைத் திறந்து தோல், ரப்பர் வளையங்களை மாற்றுங்கள். காற்றுத் தொட்டிகளின் உட்புறம் நீர் தேங்கித் துருவேறியிருக்கும். காற்றை ஏற்றிப் பார்க்கும் முன் நீரழுத்தத்தில் சோதியுங்கள். நீரழுத்தத்தில் விரிசல் விட்டால் தரை நனைவதோடு முடியும், காற்றழுத்தத்தில் தொட்டியே வெடிக்கும்.

10. மின்சாரம்: கடைசியில், மெதுவாக

எல்லோரும் முதலில் செய்ய ஆசைப்படுவது இதுதான். முந்தைய படிகள் முடியாமல் இதைத் தொட்டால், ஈரமான கேபிளையும் தூசி படிந்த மோட்டாரையும் சோதித்துத் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

முதலில் உயிரைப் பற்றிய செய்தி. வண்டியின் ஷூக்கள் எல்லாம் பெட்டிகளினூடே ஓடும் மின்கம்பியால் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு முனையில் ஒரு ஷூவுக்கு மின்சாரம் கொடுத்தால், அந்த இணைப்பிலுள்ள ஷூக்கள் இரு பக்கமும் 750 வோல்ட்டில் உயிர்பெறும், அருகில் மூன்றாம் தண்டவாளமே இல்லாவிட்டாலும்கூட. இருக்கைக்குக் கீழுள்ள ஹீட்டர்களும் அதே மின்னழுத்தத்தில் இயங்குபவை. ஆகவே வெளி மின்சாரம் இணைக்கும் நாளில் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்களை எண்ணி வெளியேற்றி, சாவியை ஒரே ஒருவர் வைத்திருக்க வேண்டும்.

சோதனையின் வரிசை இது. மின்தடுப்பைச் சோதிக்கும் மெகர் கருவியை முதலில் 500 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள், அதில் தேறினால் மட்டும் 1,000 வோல்ட். இரண்டு மெகாஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாருக்கு நாங்கள் மின்சாரம் கொடுப்பதில்லை. குறைவாகக் காட்டினால் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மூடிகளைத் திறந்து, மிதமான சூட்டில் நாள்கணக்கில் உலர்த்துங்கள். உலரும்போது அளவு முதலில் இன்னும் இறங்கும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறப் பரவுவதே காரணம், பிறகுதான் ஏறும். முதல் இறக்கத்தைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடுபவர்கள் பலர்.

மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் வாங்கும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டர் சாக்லெட் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் தொடாமல் விடுங்கள். பளபளப்பாக்கும் ஆசையில் எமரித் தாளால் தேய்க்கவே கூடாது. அதன் துகள்கள் செம்புப் பட்டைகளுக்கு இடையே பதிந்து கேடு செய்யும். கார்பன் பிரஷ்கள் தாங்கியில் தடையின்றி ஏறி இறங்குகின்றனவா, வில்கள் அழுத்துகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

1950களுக்கு முந்தைய வண்டியானால், ரப்பர் உறையிட்ட கேபிள்கள் காய்ந்து மொறுமொறுத்திருக்கும். அசைக்காதவரை நன்றாகத் தெரியும். சற்று வளைத்தால் உறை பொடியாக உதிரும். அவற்றை ஒட்டுப்போடாமல் முழுமையாக மாற்றுங்கள்.

அடுத்து, இழுவை மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, 70 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து மின்சாரமும், வெளிக் கம்ப்ரசரிலிருந்து காற்றும் கொடுங்கள். ஓட்டுநர் அறையில் ஒருவர் கைப்பிடியை முதல் படிக்குத் திருப்ப, அடியில் கான்டாக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு இன்னொருவர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். எங்கள் வண்டியில் முதன்முறை கேம்ஷாஃப்ட் பெருமூச்சு விட்டு ஒரு படி நகர்ந்தபோது, கொட்டகையில் இருந்த ஒன்பது பேரும் பேசாமல் நின்றோம். மூன்றாவது படியில் அது சிக்கிக்கொண்டது. ஒரு காற்று வால்வின் வளையம் வீங்கியிருந்தது. சிக்கலை இந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பதற்காகத்தான் 70 வோல்ட் சோதனை.

11. தடத்தில் ஓட்டுவது

சொந்த மோட்டாரில் ஓடுவதே எல்லோர் கனவும். கணக்கைப் பாருங்கள். நான்கு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 250 குதிரைத் திறன். மொத்தம் 1,000, அதாவது சுமார் 750 கிலோவாட். 750 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1,000 ஆம்பியர். அந்த அளவு மின்சாரம் எந்தப் பாரம்பரியப் பாதையிலும் கிடைப்பதில்லை. பொதுமக்கள் நடமாடும் பாதையில் புதிதாக மூன்றாம் தண்டவாளம் இடுவதற்குப் பிரிட்டனின் ரயில் ஒழுங்குமுறை அலுவலகம் எளிதில் இசைவதும் இல்லை. அந்த எதிர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். விடுமுறைக் கூட்டத்தில் குழந்தைகள் தடத்தோரம் ஓடும் இடம் அது.

ஆகையால் எஞ்சினால் இழுத்து ஓட்டுவதைத் திட்டமிடுங்கள். தென்பகுதி மின்சார ரயில்களோடு இணைவதற்கென்றே அமைந்த எஞ்சின்கள் உண்டு. 73 வகையும், ரயிலை இழுத்தும் பின்னாலிருந்து தள்ளியும் ஓட்டுவதற்காக மாற்றிய 19 எஞ்சின்களைக் கொண்ட 33/1 வகையும் 27 கம்பி ஜம்பர் வழியாக அவற்றோடு பேசக்கூடியவை. இவற்றில் ஒன்று நிற்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பி, பிரேக், கட்டுப்பாடு மூன்றும் ஒருங்கே தீரும்.

இழுத்து ஓட்டும்போதும் மோட்டார்கள் சக்கரத்தோடு சுழலும் என்பதை மறக்காதீர்கள். அவற்றின் பேரிங்குக்கு மசகிடாமல் இழுத்தால் பூட்டிக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் நடைவேகத்தில் அரை மைல் போய் நிறுத்தி, ஒவ்வொரு பேரிங் பெட்டியையும் கைவைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஷூக்கள் தடத்தோரச் சாதனங்களில் இடிக்காதபடி மேலே கட்டிவிட்டோமா என்பதை ஒருவர் நடந்து சரிபார்க்க வேண்டும்.

பெருந்தடத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அது தனிப் பயணம். 1999ஆம் ஆண்டின் ரயில் பாதுகாப்பு விதிகள் பழைய பிரிட்டிஷ் மார்க் 1 வகைப் பெட்டிகளையும், பணியாளர் ஒரே இடத்திலிருந்து பூட்டும் மையப் பூட்டு இல்லாத கீல்கதவுகளையும் கட்டுப்படுத்துகின்றன. விலக்கு வாங்கவோ, கதவுகளை மாற்றியமைக்கவோ ஆகும் செலவு, இதுவரை நீங்கள் செய்த மீட்பின் செலவை மிஞ்சலாம். பாரம்பரியப் பாதையில் ஓட்டுவதானால் பெட்டிக்கு ஒருவர் கதவருகில் நின்று, வண்டி முழுதும் நிற்கும்வரை யாரும் கைப்பிடியைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காவலர்களுக்கான பெயர்ப் பட்டியல் நிரம்பாத சனிக்கிழமையில் நாங்கள் வண்டியை எடுப்பதில்லை.